அறிக்கை எண் முப்பத்தெட்டு

உங்கள் அறைச் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது இன்ஸ்பெக்டர் மேடம். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. படம் எடுக்கிறவனுக்கு இது ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை பல் துலக்கியதும் முதல் வேலையாகக் கேமராவின் நேரத்தைச் சரிபார்த்துவிடுவேன். எடுத்த நேரம் தவறாகப் பதிவானால் அந்தப் படம் பொய் சொல்கிறது என்றுதான் அர்த்தம். இதைக் கேட்டு நிறையப் பேர் சிரித்திருக்கிறார்கள். எனக்கு இது சிரிக்கிற விஷயமாகத் தெரிந்ததில்லை.

இங்கே இருக்கிற கணினியிலேயே தட்டச்சு செய்யச் சொன்னீர்கள். நான் தாளும் பேனாவும் கேட்டேன். உங்கள் எழுத்தர் அதைத் திமிர் என்று நினைத்துக்கொண்டார். “சாட்சி சொல்ல வந்தவருக்கு இவ்ளோ ராங்கியா” என்று வாசலில் நிற்கிற காவலரிடம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. திமிர் இல்லை. அந்தக் கணினியில் ஓடுகிற மென்பொருளுக்குள் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் எழுதப்போவது என் தங்கையைப் பற்றி. உள்ளே எட்டிப்பார்க்க முடியாத ஒன்றை நம்பி அவளைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் தண்ணீர் வாரியத்தின் இணைப்புப் பிரிவில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். பதினாறு கணினிகள், மூன்று அச்சுப்பொறிகள், கூரை ஒழுகுகிற ஒரு சர்வர் அறை. தண்ணீர் வாரியத்தில் கூரை ஒழுகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்தப் பதினாறையும் ஏழு வருடத்தில் ஒவ்வொன்றாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினேன். அதற்காக அலுவலகத்தில் எனக்கு ‘ஓசி சார்’ என்று பெயர் வைத்தார்கள். கட்டற்றது வேறு, ஓசி வேறு என்று முதலில் எல்லாரிடமும் விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். ஓசி சார் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டேன்.

உங்களுக்கும் ஒருமுறை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வழக்கு அதில்தான் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து படிக்கலாம், மாற்றலாம், மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு உரிமை இருக்கிறது. அதை எந்த நோக்கத்துக்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். எதற்கு உனக்கு இது என்று எழுதியவன் கேட்கக்கூடாது. கேட்கிற நிமிடத்தில் அது கட்டற்றதாக இல்லாமல் போய்விடும். இருபது வருடமாக நான் இந்தக் கொள்கையோடு வாழ்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளாததற்கும் இதுதான் காரணம் என்று தங்கை கேலி செய்வாள். “உன்கிட்ட எதுக்குன்னு கேக்காத பொண்ணு எங்கண்ணா கிடைப்பா?” என்பாள்.

என்னுடைய இன்னொரு பைத்தியம் புகைப்படம். கொடியில் காயும் துணிகளை மட்டும்தான் எடுப்பேன். பால்கனி, மொட்டைமாடி, ஜன்னல் கம்பி, எங்கே துணி காய்ந்தாலும் தெருவில் நின்று எடுப்பேன். ஒன்பது வருடத்தில் பதினோராயிரம் படங்கள் சேர்ந்துவிட்டன. ஆட்களை எடுப்பதில்லை. கேமராவைப் பார்த்ததும் ஆட்கள் ஒரு முகத்தை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். துணிகளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை பார்க்கிறார்கள், குழந்தை என்ன உயரம் வளர்ந்திருக்கிறது, யார் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள் என்பதெல்லாம் கொடியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இத்தனை படங்களையும் ஒழுங்காக வைப்பதற்கு நானே ஒரு நிரல் எழுதினேன். அதன் பெயர் ‘அடுக்கு’. படங்களைத் தேதிப்படி பிரிக்கும், வரைபடத்தில் எடுத்த இடத்தில் புள்ளி வைக்கும், எல்லாவற்றையும் இணையத்தில் ஒரு பக்கமாகப் போட்டுக் காட்டும். புதுப் படம் ஏற்றினால் பயனர்களுக்குத் தானாக மின்னஞ்சல் போகும். என் படங்களையும் அதில்தான் வெளியிட்டேன், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு. எந்தக் கேமரா, எந்த லென்ஸ், எத்தனை மணி, பூமியில் எந்த இடம் என்பது ஒவ்வொரு படத்தோடும் போகும். அதை உருவி எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் கொடுக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

‘அடுக்கு’ வெளிவந்த முதல் வருடம் யாரும் சீண்டவில்லை. எட்டுப் பேர் இறக்கிக்கொண்டார்கள். அதில் மூன்று நான், வேறு வேறு கணினிகளில். இரண்டாம் வருடத்தில் முதல் வழுவறிக்கை வந்தது. நிரலில் இருக்கிற பிழையை வழு என்போம். பயன்படுத்துகிறவர் அதைக் கண்டுபிடித்து எழுதி அனுப்புவது வழுவறிக்கை. அனுப்பியவர் என் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர்.

அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிற நிறுவனத்தில் மேற்பார்வையாளர். நல்ல உயரம், கம்பீரமான ஆள், அதிகம் பேசமாட்டார். அதுவரை அவரிடம் எனக்குப் பெரிய ஒட்டுதல் இருந்ததில்லை. அந்த அறிக்கையைப் படித்ததும் உச்சி குளிர்ந்துவிட்டது. பதிப்பு எண், கேமராவின் மாதிரி, செய்த படிகள் ஒன்று இரண்டு மூன்று என்று, எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன. கடைசியில் ‘மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் இதே விளைவு’ என்று ஒரு வரி. இருபது வருடமாக இந்த உலகத்தில் இருக்கிறேன் மேடம், சம்பளம் வாங்குகிற பொறியாளர்கள்கூட இப்படி எழுதமாட்டார்கள். ‘வேலை செய்யல’ என்று இரண்டு வார்த்தை எழுதிவிட்டுப் போவார்கள்.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்படி ஒரு அறிக்கை எழுதியவரை நேரில் பார்த்து நன்றி சொல்லாமல் இருக்கக்கூடாது. தங்கை கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் ஒரு மாதிரி மூச்சு விட்டாள். மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்திருந்தார். நான் பேசப்பேசத் தலையாட்டினார்.

“எப்படி மாப்பிள்ளை கண்டுபிடிச்சீங்க? நானே கவனிக்கல.”

“சும்மா பாத்தேன் மச்சான்” என்றார்.

“தேதி மாத்திப் போட்டா படம் காணாமப் போகுதுன்னு சொன்னீங்கல்ல, அதைச் சொல்லுங்க” என்று தங்கை எடுத்துக்கொடுத்தாள். “ஆமா, அதான்” என்றார் அவர். தங்கை இன்னொரு தடவை டீ போட்டாள். நான் எழுந்தபோதெல்லாம், “இருண்ணா, என்ன அவசரம், சாப்பிட்டுப் போ” என்று உட்காரவைத்தாள்.

அதற்கப்புறம் சில மாதம் ஒன்று, சில மாதம் இரண்டு என்று அறிக்கைகள் வந்தன. மூன்று வருடத்தில் முப்பத்தேழு. ஒவ்வொன்றையும் அச்செடுத்துத் துளையிட்டுக் கோப்பில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்று வந்த நாளிலும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எனக்கும் போக ஒரு வீடு கிடைத்த மாதிரி இருந்தது. அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. என் நிரலுக்கு ஒரு பயனர் இருக்கிறார், அவர் என் சொந்த மாப்பிள்ளை என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ‘ஓசி சாருக்கு ஒரு ஓசிப் பயனர்’ என்றார்கள். அதையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருமுறை தங்கை இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு என் அலுவலகத்துக்கு வந்தாள். சர்வர் அறையில் ஒழுகுகிற இடத்துக்குக் கீழே வைத்திருந்த வாளியைப் பார்த்தபடியே பேசினாள்.

“அண்ணா, அவர் அடிக்கிறார். ரெண்டு வருஷமா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

நான் கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாப்பிள்ளையை நேரில் பார்த்துக் கேட்டேன். குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்றார், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, நிதானமாக. அதற்கு முந்தைய வாரம்தான் இருபத்திரண்டாம் அறிக்கை வந்திருந்தது. ஆயிரம் படங்களுக்கு மேல் ஏற்றினால் நிரல் நினைவகத்தைத் தின்கிறது என்பதை ஒரு அட்டவணையே போட்டு நிரூபித்திருந்தார். ஐந்து ஐந்து நிமிட இடைவெளியில் அளந்த கணக்கு. இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு நேர்மையாகக் கவனிக்கிற ஒரு மனிதர் கையை நீட்டுவார் என்று என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு பக்கத்தையும் வைத்து எடை போட்டேன். தங்கையிடம், “கொஞ்சம் அனுசரிச்சுப் போ” என்றேன். அடுத்த மாதம் நான்கு அறிக்கைகள் வந்தன.

சென்ற வருடக் கடைசியில் அவள் வீட்டை விட்டுக் கிளம்பினாள். அவள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அதை நடத்துகிற டாக்டரம்மாதான் ஊரின் இன்னொரு கோடியில் மூன்றாம் மாடியில் ஓர் அறை பிடித்துக் கொடுத்தார். அவள் மகள் பாப்பாவுக்கு ஆறு வயது, பள்ளியை மாற்றினார்கள். முகவரி டாக்டரம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். “அண்ணா, உன்னை நம்பித்தான் சொல்றேன். அவர் கண்ணுல பட்டேன்னா என்னை உயிரோட விடமாட்டார். சொல்லியே இருக்கார்” என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மாப்பிள்ளை இரண்டு முறை அலுவலகத்துக்கே வந்து கேட்டார். தெரியாது என்றேன்.

அவள் போனதோடு அறிக்கைகள் நின்றுவிட்டன. நான்கு மாதம் ஒன்றுகூட வரவில்லை. மனைவி விட்டுப்போன துக்கத்தில் இருக்கிறவர் எங்கே நிரலைப் பார்க்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் தினமும் காலையில் அலுவலகம் போனதும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பேன். காலியாக இருக்கும். அந்த நான்கு மாதமும் எனக்குத் தங்கை மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. அவள் தன் குடும்பத்தை மட்டுமா உடைத்தாள் என்று தோன்றும்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்கப் போவேன். ஒருநாள் மழை விட்டுச் சற்றுமுன்தான் வெயில் வந்திருந்தது. பேருந்து நிறுத்தத்தில் இறங்கி நிமிர்ந்து பார்த்தால் மூன்றாம் மாடிக் கொடியில் மஞ்சள் படுக்கை விரிப்பு, நடுவில் நீலத்துணி ஒட்டுப்போட்டது, பக்கத்தில் பாப்பாவின் சீருடை, சின்னதாக இரண்டு சாக்ஸ். விரிப்பின் வழியாக வெளிச்சம் வந்தது. ஒன்பது வருடத்தில் நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அன்றே ஏற்றினேன்.

இரண்டாம் நாள் நான் விடுப்பில் இருந்தேன், தங்கை என் வீட்டுக்கு வந்தாள். பேருந்தைப் பிடிக்க ஓடிவந்திருப்பாள். பேச மூச்சு இல்லை.

“அண்ணா, அந்தப் படத்தை எடுத்துடு. இப்பவே எடு. அதுல இடம் காட்டுது.”

ஒருமுறை எல்லாருக்கும் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கக்கூடாது என்று அவளுக்குப் பொறுமையாகச் சொன்னேன். அவள் என் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள். நான் கல் மனசுக்காரன் இல்லை மேடம். படத்தை எடுக்கவில்லை, ஆனால் அவளுக்காக நிரலையே மாற்றினேன். எந்தப் படத்துக்கும் இடம் வெளியே தெரியாதபடி பன்னிரண்டு வரி எழுதிச் சேர்த்தேன். என் கொள்கைக்கு நேர் எதிரானது அது. நான் வாழ்நாளில் எழுதியவற்றிலேயே வெட்கப்பட்ட வரிகள் அந்தப் பன்னிரண்டுதான். எழுதி முடித்துவிட்டு, மாப்பிள்ளை மாதிரி ஒரு பயனர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அண்ணா, அவர் உன் ப்ரோக்ராமைத் திறந்துகூடப் பார்த்ததில்ல. அந்த ரிப்போர்ட் எல்லாம் நான் எழுதினது.”

“சும்மா கோவத்துல பேசாத.”

“லேப்ல தினமும் அப்படித்தானே எழுதுறேன். சாம்பிள் நம்பர், டைம், என்ன செஞ்சோம், என்ன வந்துச்சு. அவர் மெயில்லேருந்து அவர் பேர்ல அனுப்பினேன். என் பேர்ல அனுப்பினா நீ போன்ல பேசிட்டு விட்டுடுவ. அவர் பேர்ல வந்தா உடனே கிளம்பி வருவ. நீ வர்ற அன்னிக்கு அவர் கை நீட்டமாட்டார்ணா. அடுத்த ரெண்டு நாளும் கொஞ்சம் அடங்கி இருப்பார்.”

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். “அப்ப அந்த அட்டவணையும் நீதானா?” என்று கேட்டேன். ஆமாம் என்றாள். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்ததால் வலது கையால் மட்டும் தட்டினாளாம், அதனால்தான் ஐந்து நிமிட இடைவெளியாம். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூப்பிட நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.

நான் அவளை நம்பவில்லை. எரிச்சலில் சொல்கிறாள், மாப்பிள்ளை மேல் எனக்கிருக்கிற மரியாதையைக் கெடுப்பதற்காகச் சொல்கிறாள் என்று முடிவுசெய்தேன். கோப்பை எடுத்து முப்பத்தேழையும் திரும்பப் படித்தேன். ஒரு ஆண்பிள்ளையின் நிதானம் அதில் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு முப்பத்தெட்டாம் அறிக்கை வந்தது. நான் அப்போதுதான் அலுவலகத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். படம் ஏற்றியதற்கான மின்னஞ்சல் அவருக்கும் போயிருக்கிறது; அவர் அதைத் திறந்து பார்க்க ஒரு வாரம் ஆகியிருக்கிறது. விரிப்பில் இருந்த ஒட்டு அவருக்குத் தெரிந்திருக்கும், அவர் வீட்டு விரிப்புதானே. வரைபடத்தில் இடம் காட்டவில்லை, சரிசெய்ய வேண்டும் என்பது அறிக்கை. ஒன்பது மணிக்கு அந்தப் பன்னிரண்டு வரிகளையும் நீக்கினேன். ‘இது வழுதான். சுட்டிக்காட்டியதற்கு நன்றி. சரிசெய்யப்பட்டது’ என்று எழுதி அறிக்கையை மூடினேன். ஒன்பது ஏழுக்குப் பயனர் உறுதி செய்தார்: ‘வந்துடுச்சு. தேங்க்ஸ் மச்சான்.’

தங்கைக்கு அந்த வாரம் மதிய ஷிஃப்ட். பாப்பா பள்ளிக்குப் போய்விட்டாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் இங்கே போன் செய்ததை உங்கள் ஆட்கள் இந்தக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்திருந்தால் அந்த நேரம் பதினொன்று பத்து இல்லை, பதினொன்று பதினாலு. ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது ஏழிலிருந்து பதினொன்று பதினாலு வரை இரண்டு மணி நேரம் ஏழு நிமிடம். என் போனில் முதல் எண் தங்கையுடையது. நான் அந்த நேரத்தில் அச்சுப்பொறியின் உருளையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கோடு விழுந்துகொண்டே இருந்தது.

ஒரு பயனர் கேட்டார், செய்து கொடுத்தேன். எதற்காக என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. முதல் நாள் விசாரணையில் நான் இப்படித்தான் சொன்னேன். நீங்களும் தலையாட்டிக் குறித்துக்கொண்டீர்கள். உங்களுக்கு என் மேல் பரிதாபம்கூட வந்தது. எழுத்தரை அனுப்பித் தண்ணீர் வாங்கிவரச் சொன்னீர்கள்.

இரண்டு நாளாக அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மேலே ஓர் இடத்தில் நான் நேர்மையாக எழுதவில்லை. தங்கையை நம்பவில்லை என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதலாம். ஆனால் எழுதியதை அழிப்பது என் வழக்கமில்லை, கீழே சேர்க்கிறேன்.

முப்பத்தெட்டாம் அறிக்கை உங்கள் கோப்பில் இருக்கிறது. அதை எடுத்துப் பாருங்கள். ‘படம் எங்க எடுத்ததுனு காட்டல. முன்ன காட்டும். உடனே சரி பண்ணுங்க.’ அவ்வளவுதான். பதிப்பு எண் இல்லை. எந்தப் படம் என்று இல்லை. படிகள் இல்லை. எத்தனை முறை செய்து பார்த்தார் என்று இல்லை. இப்படி வேறு யார் அனுப்பியிருந்தாலும் ‘விவரம் போதாது’ என்று அந்த நிமிடமே திருப்பி அனுப்பியிருப்பேன். நாற்காலியில் சரியாகச் சாய்ந்துகூட உட்காரவில்லை, பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. முந்தைய முப்பத்தேழையும் எழுதியது இந்தக் கை இல்லை. தங்கை சொன்னது உண்மை. சொன்னது எல்லாமே உண்மை, மணிக்கட்டு உட்பட, உயிரோடு விடமாட்டார் என்பது உட்பட.

எட்டு நாற்பதிலிருந்து ஒன்பது மணி வரை இருபது நிமிடம் நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த இருபது நிமிடம் எனக்கு வந்தது கோபம்தான். அவர் மேல் இல்லை. மூன்று வருடம் என்னை ஒரு பைத்தியக்காரனாக வைத்திருந்தாள். நான் அலுவலகம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்ட பயனர் ஒருவர் இல்லவே இல்லை. சமையலறையில் நின்றுகொண்டு என் தங்கை என்னை வரவழைப்பதற்கு விசில் ஊதியிருக்கிறாள், நான் ஓடியிருக்கிறேன். என் நிரலை அவள் படம் பார்க்கக்கூடப் பயன்படுத்தவில்லை, என்னைக் கூப்பிடப் பயன்படுத்தியிருக்கிறாள். அது என்னால் தாங்க முடியவில்லை. எந்த நோக்கத்துக்கு வேண்டுமானாலும் என்று நானே எழுதிவைத்த உரிமம் அப்போது எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. ஒன்பது மணிக்குத்தான் வந்தது, அவருக்குப் பதில் எழுதும்போது.

அந்தப் புள்ளி எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனையாவது மாடி என்பது படத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்தவர் என்ன செய்வார் என்றும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

பாப்பா இப்போது என் வீட்டில் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், அதிகம் பேசுவதில்லை. நேற்று அவள் சீருடையை நான்தான் துவைத்துக் காயப்போட்டேன். இதை நீங்கள் படித்த பிறகு அவள் என்னிடம் இருக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. டாக்டரம்மா கூட்டிப்போகத் தயாராக இருக்கிறார். அவருடைய எண்ணைத் தாளின் பின்புறம் எழுதியிருக்கிறேன். பள்ளிப் பையின் பக்கவாட்டுப் பையில் அவளுடைய இருமல் மருந்து இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் என் கையெழுத்துக்காகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிற சாட்சி வாக்குமூலம். மூன்றாம் பக்கத்தில், ‘சாட்சி உருவாக்கிய மென்பொருளில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு காரணமாக, இறந்தவரின் இருப்பிடம் அவரது கணவருக்குத் தற்செயலாகத் தெரியவந்தது’ என்று இருக்கிறது. என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று தெரியும், அதற்கு நன்றி. ஆனால் அதில் நான் கையெழுத்துப் போட முடியாது. நிரலில் எந்தக் கோளாறும் இல்லை. அது எழுதியபடியே வேலை செய்தது. என் தங்கையைக் கொல்லப்போகிறவருக்கு அவள் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்தது நான். சாட்சி என்று இருக்கிற இடத்தில் குற்றவாளி என்று போட்டுக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தக் கோளாறு என்ற வார்த்தையை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள் மேடம். நாளைக்கு யாராவது அதைப் படித்துவிட்டு ‘அடுக்கை’ப் பயன்படுத்தத் தயங்கக்கூடாது.